ஜாலான் பெசார் நெரிசல்: கட்டணப் பார்க்கிங்கா, லோரித் தடையா, ஒருவழியா, புறவழிச் சாலையா?

மலேசியாவில் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த பட்டணங்களில் கடைத்தெரு ஒன்றுதான். பெயரும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஜாலான் பெசார். காலை ஏழு மணிக்கு நாசி லெமாக் கடை முன்னால் ஆரம்பிக்கிற நெரிசல் பள்ளி விடும் ஒரு மணிக்கு ஒருமுறை கழுத்தை நெரிக்கும். சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்களோடு மறுபடி கட்டிக்கொள்ளும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கேட்கவே வேண்டாம். இதற்கென்று ஊராட்சி மன்றத்தில் கூட்டம் போட்டால் நான்கைந்து யோசனைகள் மேசைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி சேரும். கடைசியில் சாலையில் இரண்டு மேடு போடுவதென்று முடிவெடுத்துக் கலைந்துவிடுவார்கள்.

எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் குடியிருப்பாளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும்தான் இந்த ஒப்பீடு. என் சாய்வை முன்பே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தோட்டப் பட்டணங்களில் முதலில் கை வைக்க வேண்டியது பார்க்கிங்கில்தான். உங்கள் தெரு செம்பனை ஆலைக்குப் போகும் வழியாக இருந்தால் மட்டும் கணக்கு வேறு.

## முதலில் எண்ணிப் பாருங்கள்

தெருவை அடைக்கிற வண்டிகள் மூன்று ரகம். ஊரைத் தாண்டிப் போகிறவை ஒன்று. ஊருக்குள் வேலையாக வந்தவை இன்னொன்று. வந்து இடம் கிடைக்காமல் சுற்றுகிறவை, அல்லது இரண்டாவது வரிசையில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்பவை மூன்றாவது. கீழே வரும் யோசனைகள் ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒரு ரகத்தைத்தான் குறைக்கும். உங்கள் தெருவில் எது அதிகம் என்று தெரியாமல் எதையும் எடைபோட முடியாது.

இதற்கு நிபுணர் வேண்டாம். தெருவின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வண்டிகளின் எண்பலகையில் உள்ள எண்களை மட்டும் நேரத்தோடு அரை மணி நேரம் எழுதுங்கள். ஒரு முனையில் நுழைந்த எண் ஐந்தாறு நிமிடத்தில் மறுமுனையில் வெளியேறினால் அது தாண்டிப் போகிற வண்டி. வெளியேறவில்லை என்றால் அதற்கு ஊருக்குள் ஏதோ வேலை. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் எழுத வேண்டும். சம்பளம் போட்ட வாரத்தில் ஒருமுறை, மாத நடுவில் ஒருமுறை எழுதினால் இன்னும் நல்லது. இடைநிலைப் பள்ளி மாணவர்களிடம் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

அப்புறம் நிற்கிற வண்டிகள். காலை ஒன்பதரைக்குக் கடை வரிசையில் நிற்கும் கார்களின் எண்களைக் குறித்துக்கொண்டு, பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் அதே வரிசையில் நடந்து பாருங்கள். மூன்று தடவையும் அதே கார் அதே கட்டத்தில் நின்றால் அது வாடிக்கையாளருடைய கார் அல்ல. எண்ணுவதற்கு முன்னால் எல்லாரும் வெளியூர்க்காரனைத்தான் குறை சொல்வார்கள். எண்ணிய பிறகு கூட்டத்தில் கொஞ்சம் அமைதி வரும்.

## எதை வைத்து எடைபோடுவது

மேலே சொன்ன மூன்று ரகத்தில் எதைக் குறைக்கிறது என்பது முதல் அளவுகோல். இரண்டாவது, முடிவு யார் கையில் இருக்கிறது என்பது. இதைப் பார்க்காமலேயே பல மனுக்கள் குப்பைக்குப் போகின்றன. சாலையோரப் பலகையில் வெறும் எண் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் எல்லாம் ஒன்றாம் எண் சாலையின் மேல் எழுந்த ஊர்கள். சபாக் பெர்ணம், ஊத்தான் மெலிந்தாங் ஐந்தாம் எண்ணின் மேல். எண்ணுக்கு முன் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: பேராக்கிற்கு ஏ, சிலாங்கூருக்கு பி, கெடாவுக்கு கே, ஜொகூருக்கு ஜே. கூட்டரசுச் சாலையில் பொதுப்பணி இலாகாவான ஜே.கே.ஆர். சம்மதிக்காமல் மன்றம் தனியாக எதையும் மாற்ற முடியாது. மன்ற உறுப்பினரை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. 1976-இல் வந்த சட்டத்திற்குப் பிறகு மாநில அரசு நியமிக்கிறவர்கள்தான் உறுப்பினர்கள். ஆகவே சட்டமன்ற உறுப்பினரையும் சேர்த்துப் பிடிக்காமல் காரியம் நகராது.

மூன்றாவது, வியாபாரம். நான்காவது, கார் இல்லாதவர்களுக்கு என்ன ஆகிறது என்பது. பென்ஷன் எடுக்க வரும் பாட்டி, பள்ளி விட்டு நடந்து போகிற பிள்ளை, மோட்டாரில் வருகிற தோட்டத் தொழிலாளி, இவர்கள் எந்தக் கூட்டத்திற்கும் வரமாட்டார்கள். நாட்டில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மோட்டாரில் போனவர்கள். ஐந்தாவது, சரிப்படவில்லை என்றால் திருப்பி எடுக்க முடியுமா என்பது. இந்த ஐந்தாவதுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் கொஞ்சம் அதிகம். சின்ன ஊரில் ஒரு தடவை சிமெண்டு போட்டுவிட்டால் அடுத்த தலைமுறைதான் அதைப் பெயர்க்கும்.

## கட்டணப் பார்க்கிங், நேர வரம்போடு

கடை முதலாளி எட்டரை மணிக்கு வந்து தன் கடைக்கு முன்னாலேயே காரை நிறுத்துகிறார். முன் கண்ணாடிக்குள் வெள்ளி நிற வெயில்தட்டியை விரிக்கிறார். அந்தத் தட்டி மறுபடி மடங்குவது மாலை ஆறுக்கு. பக்கத்துக் கட்டத்தில் கணக்குப் பார்க்கிறவரின் கார், அதற்கடுத்ததில் மாடியில் டியூஷன் எடுக்கும் டீச்சரின் கார். வாடிக்கையாளர் ஒருவர் அரை மணி நேரம் நிற்பதாக வைத்தாலும், நாள் முழுக்க நிற்கிற ஒரு கார் பதினெட்டு இருபது பேரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பதினெட்டுப் பேரும் வராமல் போய்விடுவதில்லை. இரண்டாவது வரிசையில் நிறுத்திவிட்டு, “ரெண்டு நிமிசந்தான்” என்று சொல்லி மருந்துக் கடைக்குள் நுழைகிறார்கள். இருவழிச் சாலை ஒருவழியாகிவிடுகிறது, யாரும் உத்தரவு போடாமலேயே.

அமெரிக்க நகரத் திட்டப் பேராசிரியர் டோனல்ட் ஷூப் வாழ்நாள் முழுக்கச் சொன்னது எளிய கணக்கு. ஒவ்வொரு வரிசையிலும் எந்நேரமும் ஒன்றிரண்டு கட்டம் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வைக்க வேண்டும். நூற்றுக்கு 85 நிறைந்திருந்தால் போதும். நெரிசலான நகர மையங்களில் நடந்த ஆய்வுகளை அவர் தொகுத்தபோது, ஓடுகிற வண்டிகளில் சராசரியாக நூற்றுக்கு 30 இடம் தேடிச் சுற்றுகிறவைதான் என்று வந்தது. நம் ஊருக்கு அதே எண் பொருந்த வேண்டியதில்லை. ஆனால் கடைத்தெருவை மூன்று சுற்றுச் சுற்றிய அனுபவம் இல்லாத ஆள் நம்மில் யார்?

கடைக்காரர்கள் உடனே எதிர்ப்பார்கள்: “காசு கேட்டால் வாடிக்கை போய்விடும்.” பிரிட்டனில் பிரிஸ்டல் நகரில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், வாடிக்கையாளர்களில் காரில் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கடைக்காரர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்னதில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் உண்மையில் காரில் வந்தவர்கள். நம் பட்டணத்தில் மோட்டார் அதிகம் என்பதால் இந்தத் தவறு இன்னும் பெரிதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். மோட்டாருக்குக் கட்டணம் வேண்டாம், அதற்கென்று தனிக் கட்டங்கள் போதும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

மறைந்த செலவுகள் உண்டு. முதலாவது, செயலி. பார்க்கிங் இப்போது கைப்பேசிக்குப் போய்விட்டது. வயதானவர் கிளினிக்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் கண்ணாடியில் சம்மன் ஒட்டியிருக்கும். கடையில் காசு கொடுத்து நேரம் போட்டுக்கொள்ளும் வசதி கூடவே இருக்க வேண்டும். இரண்டாவது, வண்டிகள் பக்கத்துக் குடியிருப்பான தாமானுக்குப் போய் வீட்டு வாசலை அடைக்கும். மூன்றாவது, வசூல் யாருக்கு என்பது. சிலாங்கூரில் 2025-இல் பார்க்கிங்கைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் திட்டம் பெரிய சர்ச்சையானது. வசூலில் ஒரு பங்காவது அதே தெருவின் கால்வாய்க்கும் விளக்குக்கும் செலவாகும் என்று எழுத்தில் வாங்கினால் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும். நான்காவது, அமலாக்கம். முதல் மாதம் சம்மன் எழுதி, இரண்டாம் மாதம் ஆள் வராவிட்டால் திட்டம் செத்ததுதான்.

முதலாளிகளின் கார் எங்கே போகும்? இதற்குப் பதில் இல்லாமல் தொடங்கவே கூடாது. பழைய சினிமாக் கொட்டகை நிலம், திடலின் ஓரம், கோயில் வளாகத்தின் பின்பக்கம் என்று ஐந்து நிமிட நடையில் ஏதோ ஓர் இடம் எல்லா ஊரிலும் இருக்கும். அங்கே நாள் முழுக்க இலவசம், கடைத்தெருவில் இரண்டு மணி நேர வரம்பு. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பலன்.

எண்ணிப் பார்த்ததில் தாண்டிப் போகிற வண்டி குறைவாகவும், அசையாமல் நிற்கிற கார் அதிகமாகவும் வந்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஒரு வரிசையில் மட்டும் ஆறு மாதம் சோதித்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் பலகையைக் கழற்றிவிடலாம்.

## லோரிகளுக்கு நேரத் தடை

செம்பனை ஆலை ஊருக்கு அந்தப் பக்கமும் தோட்டங்கள் இந்தப் பக்கமும் இருந்தால் ஜாலான் பெசார்தான் குலை லோரியின் வழி. அதனால் வருவது வெறும் நெரிசல் மட்டும் இல்லை. முச்சந்தியில் லோரி திரும்பும்போது மேலே இருந்து உதிரிப் பழம் நாலைந்து விழும். அடுத்த வண்டியின் டயர் அதை நசுக்கும். ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் படர்ந்து, சாயங்காலம் ஒரு தூறல் போட்டால் போதும், அந்த வளைவில் மோட்டார் வழுக்காமல் போகாது. கடைக்காரர்கள் மரத்தூள் போட்டு வைப்பதை இன்றைக்கும் பார்க்கலாம்.

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளில் உச்ச நேரத்தில் கனரக வாகனங்களுக்குத் தடை உண்டு. பெருநாள் காலங்களில் நாடு முழுக்கச் சில நாள்கள் தடை வரும். நம் கடைத்தெருவிலும் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை, மதியம் பள்ளி விடும் ஒரு மணி நேரம் என்று கேட்பதில் தவறில்லை. 2025 மே 13 அன்று, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாப் பாதுகாப்புப் பணி முடிந்து திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸான எஃப்.ஆர்.யூ. வண்டியோடு கல் ஏற்றிய லோரி மோதி 9 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அதன் பிறகு கனரக வாகனங்களைப் பற்றிய கோரிக்கை அதிகாரிகள் காதில் முன்பைவிடச் சீக்கிரம் விழுகிறது.

ஆனால் பகல் முழுக்கத் தடை கேட்பவர்கள் குலையின் அவசரத்தை மறந்துவிடுகிறார்கள். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விதி. அடிபட்ட பழத்தில் நேரம் ஆக ஆகக் கொழுப்பமிலம் கூடும். கச்சா எண்ணெயில் அது நூற்றுக்கு 5-ஐத் தாண்டினால் தரம் போச்சு, விலையில் வெட்டு. பெரிய கம்பெனி தாங்கிக்கொள்ளும். ஐந்து ஏக்கர் வைத்திருக்கிற சிறுதோட்டக்காரருக்கு, குத்தகை லோரி ஒரு நடை தவறினால் அந்த மாதக் கணக்கே இடிக்கும். டன் கணக்கில் கூலி வாங்கும் ஓட்டுநரும் இழந்த நேரத்தை வேகத்தில் பிடிக்கப் பார்ப்பார். தடை முடியும் வரை லோரிகள் ஊர் எல்லையில் வரிசையாக நின்று, முடிந்ததும் ஒன்றாக உள்ளே நுழைவதும் நடக்கும்.

இன்னொரு இடியும் இருக்கிறது. தீபகற்பத்தில் செம்பனை விளைச்சல் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. தீபாவளிச் சந்தை அக்டோபரில், அல்லது நவம்பர் தொடக்கத்தில். லோரி அதிகம் ஓடுகிற மாதமும் சேலைக்கடையில் கூட்டம் நிற்கிற மாதமும் ஒன்றாகவே வரும். ஆண்டு முழுக்க ஒரே தடை என்பதைவிட, பள்ளி நேரத்துக்கு ஒரு நிரந்தரத் தடையும் தீபாவளிக்கு முந்திய மூன்று வாரச் சாயங்காலங்களுக்குத் தனித் தடையும் கேட்பது புத்திசாலித்தனம்.

தடையைவிட எனக்குப் பிடித்த வழி தோட்டத்து உள்சாலை. பல ஊர்களில் ஆலைக்குப் போக தோட்டத்துக்குள்ளேயே செம்மண் சாலை இருக்கும். கேட்டில் பூட்டு தொங்கும். தோட்ட நிர்வாகியோடும் ஆலை நிர்வாகியோடும் மன்றம் உட்கார்ந்து பேசி, குறிப்பிட்ட நேரத்துக்கு அந்தக் கேட்டைத் திறக்கச் சொன்னால் புதுச் சாலையே போடாமல் லோரி ஊரைவிட்டுப் போய்விடும். செலவு யாருக்கு? அந்தச் சாலையோரத்தில் இன்னும் லயன் வீடுகளில் இருக்கிறவர்களுக்கு. புழுதி அவர்கள் கொடியில் காயும் துணியில்தான் வந்து படியும். தண்ணீர் தெளிக்கும் லோரி, வீடுகள் இருக்கும் இடத்தில் தார் என்று இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் தொல்லையை நம்மைவிட எளியவர்கள் தலையில் இறக்கி வைத்ததாக ஆகும்.

## ஒருவழிப் பாதை

வரைபடத்தில் அழகாக இருக்கும் யோசனை இது. எதிர்வரும் வண்டி இல்லை, வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் கார் இல்லை, நிறுத்துவதற்கு இரண்டு பக்கமும் இடம். பொறியாளர்களுக்குப் பிடிக்கும். தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரம் 2010-இல் லிட்டில் இந்தியாவாக மாறியபோது துன் சம்பந்தன் சாலையையும் ஒருவழியாக்கினார்கள். ஆனால் அந்த இடத்துக்கு ரயிலும் எல்.ஆர்.டி.யும் மோனோரயிலும் போகின்றன. நம் பட்டணத்தில் அப்படி எதுவும் கிடையாது.

ஒருவழிக்கு ஜோடித் தெரு ஒன்று வேண்டும். தோட்டப் பட்டணத்தில் பெரும்பாலும் அது இருக்காது. இருப்பது பின்பக்கம் பள்ளிக்கூடச் சாலை. திரும்பி வரும் வண்டிகளையெல்லாம் தமிழ்ப்பள்ளி வாசல் வழியே விடுவது என்றால் நெரிசலைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டோம் என்றுதான் பொருள். எதிரில் வண்டி வராது என்று தெரிந்தால் ஓட்டுகிறவர்கள் வேகம் கூட்டுவார்கள். தெருவைக் கடப்பவர்களுக்கு அது நல்லதில்லை. சந்தைக்கு வலப்பக்கம் இருக்கிற வீட்டிலிருந்து இடப்பக்கமாக ஒரு சுற்று வரச் சொன்னால் காரில் இருப்பவர் முணுமுணுத்துக்கொண்டே வருவார். மோட்டாரில் இருப்பவர் வரவே மாட்டார், ஓரமாக எதிர்த்திசையில்தான் வருவார். இது எல்லாருக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும்.

வியாபாரத்தில் ஒரு நுணுக்கம்: சாயங்காலம் வீடு திரும்பும் திசையில் இருக்கிற கடைக்குத்தான் காய்கறி, கோழி, பலகார வியாபாரம். தெருவை மறுதிசைக்கு ஒருவழியாக்கினால் அந்த வாடிக்கை பின்தெருவுக்குப் போய்விடும். காலைப் பசியாறல் கடைக்கு இதற்கு நேர்மாறு. எந்தத் திசை என்று கேட்காமல் ஒருவழிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு இணைத் தெருக்கள் பக்கம் பக்கமாக இருந்து, நடுவில் குறுக்குச் சந்துகளும் இருந்து, இரண்டிலும் கடைகள் இருக்கிற ஊர்களில் இது நன்றாகவே வேலை செய்யும். மற்ற ஊர்களில் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளலாம்.

## புறவழிச் சாலை

தேர்தல் நேரத்தில் அதிகம் வாக்குறுதி கொடுக்கப்படுவது இதற்குத்தான். தாண்டிப் போகிற வண்டிகள் பாதிக்கு மேல் இருந்தால் இதற்கு நியாயம் உண்டு. நிலம் எடுப்பு, வடிவமைப்பு, ஒதுக்கீடு என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை. நடுவில் ஆட்சி மாறினால் கோப்பு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறந்த பிறகு ஒன்றாம் எண் சாலைப் பட்டணங்களுக்கு என்ன ஆயிற்று என்று அங்கேயுள்ள மூத்த கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். தாப்பாவிலும் தஞ்சோங் மாலிமிலும் நின்று டீ குடித்துப் போன நெடுந்தூர வண்டிகள் நெடுஞ்சாலை ஓய்விடங்களுக்குப் போய்விட்டன. பீடோர் போல, சாப்பாட்டுக்காகவே ஆள்கள் விலகி வருகிற பெயர் இருந்த ஊர்கள் தாக்குப்பிடித்தன. தாண்டிப் போகிறவனில் ஒரு பங்கு நம் வாடிக்கையாளனும்தான் என்பதை அந்த எண்பலகைக் கணக்கு காட்டாது, இதைத் தனியாக யோசிக்க வேண்டும். இன்னொன்று: புறவழியில் டோல் இருந்தால் லோரிகள் பழைய சாலையை விடாது.

புதுச்சாலை திறந்ததும் அதன் ஓரத்தில் எண்ணெய் நிலையம் வரும், பேரங்காடி வரும், கடை வீடுகள் வரும். பத்தாண்டில் அதிலும் நெரிசல். சாலை வெட்டப்போகும் செம்பனை நிலம் யாருடையது என்று ஒரு தடவை விசாரித்துப் பார்த்தால், புறவழிக்கு ஏன் இத்தனை ஆர்வம் என்பது சில ஊர்களில் விளங்கும்.

## சாயங்காலத்தில் தெருவை மூடுவது

மலாக்காவில் ஜோங்கர் தெரு வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் வண்டி இல்லாத தெருவாகிறது. 2000-த்திலிருந்து நடக்கிறது. அது சுற்றுலாத் தெரு. வீட்டுக்கு அரிசி மூட்டை வாங்க வருகிற தெருவோடு அதை ஒப்பிட முடியாது.

ஆனால் ஒரு சௌகரியம் நமக்கும் இருக்கிறது. வாரம் ஒருமுறை இரவுச் சந்தையான பசார் மாலாமுக்காக ஏதோ ஒரு தெருவை ஏற்கெனவே மூடுகிறோம். அன்றைக்கு வண்டிகள் எந்தத் தாமான் வழியே போகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன, தீயணைப்பு வண்டி நுழைய இடம் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கடைத்தெருவின் ஒரு துண்டை மட்டும் ஆறு மணிக்கு மேல் மூடுவதை நான் ஆதரிப்பேன். ஆண்டு முழுக்க என்றால் வேண்டாம்.

## பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| யோசனை | எதைக் குறைக்கும் | முடிவு யார் கையில் | கண்ணுக்குத் தெரியாத செலவு | சோதித்துப் பார்க்க முடியுமா |
|---|---|---|---|---|
| கட்டணப் பார்க்கிங், நேர வரம்பு | சுற்றுகிற, அடைத்து நிற்கிற கார்கள் | மன்றம். கூட்டரசுச் சாலை என்றால் ஜே.கே.ஆரும் | செயலி தெரியாத முதியவர்கள், தாமானுக்குள் நிறுத்தம் | சுலபம், ஒரு வரிசையில் |
| லோரி நேரத் தடை | தாண்டிப் போகும் கனரக வண்டிகள் | மன்றம், ஜே.கே.ஆர்., போலீஸ், சாலைப் போக்குவரத்து இலாகா (ஜே.பி.ஜே.) | சிறுதோட்டக்காரர், ஊர் எல்லையில் லோரி வரிசை | முடியும் |
| தோட்டத்து உள்சாலை | அதே லோரிகள் | தோட்டமும் ஆலையும் | லயன் வீடுகளுக்குப் புழுதி | முடியும், கேட்டை மறுபடி பூட்டிவிடலாம் |
| ஒருவழி | திரும்பும் வண்டிகளின் முட்டல் | சாலைக்கு உரியவர்கள், போலீஸ் | வேகம், பள்ளிச் சாலை, ஒரு பக்கக் கடைகள் | ஓரளவு |
| புறவழிச் சாலை | தாண்டிப் போகும் எல்லா வண்டியும் | மாநிலம் அல்லது கூட்டரசு | வாடிக்கை இழப்பு, ஆண்டுக்கணக்கான காத்திருப்பு | முடியாது |
| மாலை மூடல் | அந்த நேரத்தில் எல்லாமே | மன்றம், போலீஸ் | தாமான் தெருக்கள், மாடியில் குடியிருப்பவர்கள் | மிகச் சுலபம் |

## அட்டவணைக்குள் அடங்காத இரண்டு

கடை வரிசைக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கும். அந்தக் காலத்தில் மலவாளி எடுக்கவும் தீப்பிடித்தால் உள்ளே போகவும் விட்ட சந்து. இன்று அதில் பாதி இடத்தை அடுப்படியும் எரிவாயுத் தோம்பும் பிடித்துக்கொண்டன. அதனால்தான் அரிசி இறக்கும் லோரி முன்பக்கம் நிற்கிறது. அந்த இடத்தைக் காலி செய்து, சரக்கு இறக்குவதைக் காலை எட்டுக்கு முன் பின்பக்கமாக மாற்றினால் முன்தெரு கணிசமாக இளகும். முன்பக்க நடைபாதையான அஞ்சடியிலும் இதே கதைதான். வெங்காய மூட்டையும் பிளாஸ்டிக் வாளியும் அஞ்சடியை அடைத்திருப்பதால் நடக்கிறவர்கள் தாருக்கு இறங்குகிறார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு கார் ஊர்கிறது. இதற்குக் கூட்டரசு அனுமதி எதுவும் வேண்டாம், கடைக்காரர்களுக்கு மனசு வேண்டும்.

இன்னொன்று பள்ளி வாசல். தோட்டங்கள் காலியாகி, குடும்பங்கள் தாமான்களுக்கு வந்த பிறகு, நடந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் காரிலும் வேனிலும் வருகிறார்கள். ஒரு மணி நெரிசலின் பெரும்பங்கு இதுதான். வேன்களுக்குத் தனி நிறுத்தம், வகுப்புகளைக் கால் மணி இடைவெளியில் விடுவது என்று தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பேசினால் ஒரே வாரத்தில் செய்யக்கூடிய வேலை. பள்ளி வட்டாரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் வேகம் என்ற பலகை இருந்தாலும் அதை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

## எந்த ஊருக்கு எது

எண்ணியதில் மூன்றில் இரண்டு பங்கு வண்டி உள்ளூர் வேலையாக வந்ததென்றால் பார்க்கிங், பின்சந்து, பள்ளி வாசல். இந்த மூன்றையும் முடிக்காமல் வேறெதுவும் கேட்க வேண்டாம். லோரி அதிகம் என்றால் பள்ளி நேரத் தடையும் தோட்டத்து உள்சாலைப் பேச்சும் ஒரே நேரத்தில். இணைத் தெரு இருந்து, பார்க்கிங்கைச் சரிசெய்த பிறகும் அடைப்பு நீடித்தால் ஒருவழி. தாண்டிப் போகிற கார்களே பாதிக்கு மேல் என்றால் புறவழிக்கு மனுப் போடுங்கள். அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம், மேலே சொன்ன சின்ன வேலைகளைத் தொடங்கிவிடுங்கள்.

மன்றத்துக்கு எழுதும்போது எண்ணிய தாள்களின் நகலை இணையுங்கள். சாலை எண்ணைக் குறிப்பிடுங்கள். ஜே.கே.ஆர். மாவட்ட அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் போகட்டும். “நெரிசலைக் குறைக்க ஆவன செய்யுமாறு” என்று எழுதினால் சாலை மேடுதான் வரும். எந்தக் கடையிலிருந்து எந்தக் கடை வரை, எத்தனை மாதச் சோதனை என்று எழுதுங்கள். கடைக்காரர்களின் கார்கள் எங்கே நிற்கும் என்பதற்கும் அந்தக் கடிதத்திலேயே ஓர் இடத்தைச் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.